கைது இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்

வக்கீல் ஆபீஸ் வேலை என்றால் கருப்புக் கோட்டு, வாதம் என்று நினைக்காதீர்கள்; பாதி நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கிற வேலை. ப்ளஸ் ஒன்னோடு படிப்பை விட்டுவிட்டு ராமேஸ்வரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் சேர்ந்திருக்கிறேன். அப்படி நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

புழுக்கம்

படகு இன்ஜின் ஒன்று காணாமல் போனதற்கு, தங்கச்சிமடம் அந்தோணி அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி ஆகிவிட்டது. கைது செய்தால் காரணம் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும். அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஏட்டிடம் சொன்னேன். "யாரும்மா கைது பண்ணா? விசாரணைக்கு வந்து உக்காந்திருக்காரு" என்றார். உள்ளே அண்ணன் வெறும் ஜட்டியோடு தரையில் குந்தியிருந்தார். விசாரணைக்கு வந்தவருடைய சட்டை, கைலி எங்கே சார் என்றேன். ஏட்டு ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். "புழுக்கமா இருக்குன்னு அவரே கழட்டிட்டாரு பாப்பா."

மீன் குழம்பு

அண்ணனின் மனைவி மரியசெல்வியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அப்படியும் அந்த அக்கா வக்காலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "வக்கீல் வச்சா இவரு திருடுனது உண்மைன்னு ஊரே சொல்லும். ஏட்டய்யா தங்கமான மனுசன்."

உள்ளே பார்த்ததைச் சொன்னேன். நம்பவில்லை. எனக்கு வந்த கடுப்புக்கு அளவே இல்லை. மத்தியானம் பாறை மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாராம், ஏட்டய்யா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாராம். அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டேன். அக்கா யோசித்தார். "அது தெரியலத்தா. ஏட்டய்யாதான் புளி கம்மின்னு சொன்னாரு."

முதுகு

சொன்ன பிறகு அக்காவுக்கே உறைத்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார். வக்கீலம்மா கோர்ட்டில் மனுப் போட்டதும், சாயங்காலமே போலீஸ்காரர்கள் அண்ணனுக்குச் சட்டை மாட்டிக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அவர்கள் கணக்கில் அன்றைக்கு மத்தியானம்தான் கைது செய்தார்களாம்.

மாஜிஸ்திரேட் போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, "அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "இல்லங்கய்யா, படகுல வழுக்கி விழுந்தேன்."

ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்ததும், மாஜிஸ்திரேட்டே கேட்கிறார், சொல்ல வேண்டியதுதானேண்ணே என்று சண்டைக்கே போய்விட்டேன். அண்ணன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். "நீ வீட்டுக்குப் போயிருவ ஆத்தா. நான் நாளைக்கும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும்."

உரிமையெல்லாம் சட்டத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதைக் கேட்டவர் மறுநாள் நடந்து போகிற ரோட்டில்தான் இல்லை.