சரஸ்வதி பூஜையில் மாட்டிக்கொண்ட டேப்லெட்

காகிதமே வேண்டாமென்று நோட்டு, டைரி, கணக்கு எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றிவிட்டேன். மூக்கண்டப்பள்ளி முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன்.

இன்று சரஸ்வதி பூஜை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், சாமி முன்னால் என் டேப்லெட். திரையில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம்.

"நோட்டு, புக்கு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்குப் பூஜையை எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து டேப்லெட் அலறியது. பூசணிக்காய் வாங்க நான் வைத்திருந்த அலாரம்.

"அதை மட்டும் அணைச்சிடட்டுமா?"

"தொடாதீங்க!"

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலறுகிறது. "வாங்கியாச்சு சாமி" என்று அவளும் கும்பிட்டுப் பதில் சொல்கிறாள்.

சீக்கிரம் சார்ஜ் தீர வேண்டுமென்று நானும் அங்கேயே வேண்டிக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் வீட்டுச் சாமிக்கு எத்தனை சதவீதம் இருக்கிறது?