நாக்கில் ஒட்டிய மண்

அரியலூரிலிருந்து செந்துறை போகும் பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் இறங்கியதும் சாலையோரத்து வெள்ளை மண்கட்டி ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கறுத்த, ஒல்லியான மனிதர். நான் கவனிப்பதைக் கண்டு சிரித்தார்.

“நாக்குல ஒட்டுது சார். ஸ்பெயின்ல ஹெரெஸ்னு ஒரு ஊரு. அங்கயும் இதே மாதிரி வெள்ளை மண்ணு, கடல் இருந்த பூமி. அதுல திராட்சை போட்டு வெள்ளை ஒயின் எடுப்பாங்க. அங்கதான் வேலை பாத்தேன்.”

“ஒயின் எப்படி இருக்கும்?” எனக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது.

“இனிப்பே இருக்காதுங்க. பாதாம் வாசம் வரும்” என்றவர் மண்ணுக்கே திரும்பிவிட்டார். “திராட்சை பறிச்சு முடிச்சதும் வரிசைக்கு நடுவுல குழி குழியா வெட்டுவோம். பெய்யுற மழை அதுலயே நிக்கும். கோடை முழுக்கச் செடிக்கு அந்த ஈரம்தான்.”

சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரியைக் காட்டி, “இங்கயும்தான் குழி வெட்டுறாங்க” என்றேன், வேடிக்கையாக.

அவர் சிரிக்கவில்லை. “எங்க கொல்லை நிலமும் அப்படித்தான் போச்சு. அதை வித்த காசுலதான் ஸ்பெயினுக்கே போனேன்.”

செந்துறையில் அவர் இறங்கும்போது பார்த்தேன். சட்டைப்பை அந்த மண்கட்டியால் புடைத்திருந்தது. சொந்தக் கொல்லை இல்லாத ஊரில் அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.