கார்த்திகையில் பிறந்தவன்

சிகாமட் நிலையத்தில் ரயில் ஏறி என் எதிரே அமர்ந்த பெண் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். மடியில் சிந்திய பிஸ்கட் தூளை விரலால் குவித்தபடியே கைப்பேசியில் வாசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நட்சத்திரம் பத்தித் தெரியுமா?”

ஜாதகம் கேட்கிறார் என்று நினைத்து, “எனக்குக் கார்த்திகைம்மா” என்றேன்.

சிரித்துவிட்டார். “அது ஒண்ணு இல்லண்ணே, ஒரு கூட்டம் லா. இப்படிச் சின்னக் கூட்டத்துல, இருக்கற கொஞ்சம் வாயுவுல, ஒரு நட்சத்திரம் மட்டும் எப்படிப் பெருசாவுது? நடுவுல உள்ளது மத்ததோட பங்கையும் இழுத்துக்குமாம். வாயு வெளியிலேர்ந்து வந்து சேருதுன்னும் சொல்றாங்க. இன்னும் கன்ஃபர்ம் இல்ல.”

லாபிஸ் நிலையத்தில் இறங்கிவிட்டார்.

எங்கள் வீட்டு நான்கு பிள்ளைகளில் நான் மட்டுமே கல்லூரிக்குப் போனவன். அது என் திறமை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தம்பியை அழைக்கப் போனை எடுத்தேன். அவன் ஏன் படிப்பை நிறுத்தினான் என்று நான் கேட்டதே இல்லை.