குதிகால் மேடம்

முதலில் போர்வையைத்தான் தூக்குவார், அதுவும் கால்மாட்டுப் பக்கமாக. படுத்திருப்பவர் ஆணா பெண்ணா, விழித்திருக்கிறாரா உறங்குகிறாரா என்பதெல்லாம் அப்புறம். "கொஞ்சம் காலைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, சிவந்த இடத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுத்து, மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பினால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் புறப்பட்டுவிட்டது, அந்த மனிதரை நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை என்று பொருள். "கேட்டா எல்லாரும் நல்லா பார்த்துக்கறோம்னுதான் சொல்வாங்க. நான் எதுக்குக் கேக்கணும்? காலைப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது" என்பார்.

முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் அவருக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாது. இல்லங்களில் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் குதிகால் மேடம். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "மூக்கு மேடம்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சிரிப்பார். அந்த மூக்கும் லேசுப்பட்டதல்ல. சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பார். மூத்திர வாடை அடித்தால்கூட அவ்வளவாக முகம் சுளிக்கமாட்டார். பினாயில் வாடை ஆளைத் தூக்கினால்தான் புருவம் ஏறும். "யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாங்க நான் வர்றேன்னு" என்று முணுமுணுத்தபடி உள்ளே போவார்.

வரவேற்பறையில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். மெத்தென்ற சோபா, பிளாஸ்டிக் பூ, மீன்தொட்டி எதற்கும் மசியமாட்டார். "தொட்டி பெருசா இருந்தா எனக்குச் சந்தேகம் வந்துடும். மீனுக்குத் தண்ணி மாத்த ஆள் போட்டிருக்காங்க, சரி, உள்ள இருக்கறவங்களுக்கு?" நேரே குளியலறைக்குப் போய், முதியவர்கள் உட்காரும் கழிப்பறைப் பீங்கானில் தாமும் உட்கார்ந்து, எழுந்திருக்கச் சுவரில் பதித்த கைப்பிடியைப் பிடித்துப் பார்ப்பார். ஒருமுறை கைப்பிடி சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. அதை அப்படியே எடுத்துப் போய் நிர்வாகியின் மேசைமேல் வைத்து, "உங்களோடதுதானா பாருங்க" என்றாராம். இன்னொரு இல்லத்தில் கட்டிலோரத்து அழைப்பு மணியை அழுத்திவிட்டு, யாராவது வரும்வரை இருப்போம் என்று பக்கத்தில் கிடந்த நாளிதழை விரித்தார். வரி விளம்பரங்கள் வரைக்கும் வாசித்து முடித்தார். எட்டிப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை.

வேலை முடிந்தாலும் இந்தப் பழக்கம் அவரை விடாது. விருந்துக்குப் போன வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், பேச்சோடு பேச்சாகத் தண்ணீர்க் குவளையை அவர் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்திவிடுவார். பேருந்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து தூங்குகிறவரைக் கண்டால் தட்டி எழுப்பி மறுபக்கம் சாய்க்கவேண்டும் போலிருக்குமாம். "ஒருநாள் அடி வாங்கப் போறேன், பாருங்க" என்பார்.

இப்படிப்பட்டவர் சோதிக்கிற ஊரில் இல்லங்கள் எல்லாம் பளிச்சென்று திருந்தியிருக்கவேண்டுமே என்று கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவர் எழுதுவார், மேலே அனுப்புவார். இல்லத்துக்கு அவகாசம் கொடுப்பார்கள். அவகாசம் முடிந்து போனால் சுவருக்குப் புது வண்ணம் அடித்திருக்கும், கட்டிலில் அதே குதிகால் இன்னும் மோசமாகக் கிடக்கும். ஆரம்ப காலத்தில் ஒரே ஓர் இல்லத்தை மல்லுக்கட்டி இழுத்து மூடவைத்தார். அங்கிருந்தவர்களை ஆளுக்கொரு பக்கமாக வேறு இல்லங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்த சுற்றில் அவர்களைத் தேடிக்கொண்டு போனார். பலர் உயிரோடு இல்லை. இருந்தவர்களில் ஒருவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பழைய இடத்துக்கே அனுப்பிடும்மா, அங்க சன்னலாவது இருந்துச்சு" என்று அழுதார். அதற்குப் பிறகு எந்த இல்லத்தையும் மூடச் சொல்லி அவர் எழுதியதில்லை. "மூடிட்டு எங்கம்மா கொண்டு போய் வெப்பீங்க?" என்று மேலதிகாரி கேட்கிற கேள்விக்கு இன்றுவரை அவரிடம் பதில் கிடையாது. அந்தக் கேள்வி ஒருநாள் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

கணவர் போனபிறகு மேடமும் அவருடைய அக்காவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலையில் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் ஓயாத மனுஷி, தங்கையைக் கிண்டல் செய்யாமல் ஒருவேளை சாப்பாடு இறங்காது. "நான் கண்ணைப் பார்க்கறேன், நீ காலைப் பார்க்கற. நடுவுல இருக்கறதை எவளாவது பார்த்துக்கட்டும்" என்பார். அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் ஒரே காலைப்பொழுதில் சாய்த்துவிட்டது. வலப்பக்கம் முழுக்க விழுந்துபோயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: சரி. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்து கட்டில் கம்பியை இடக்கையால் அறைந்தாலும் சரி, சரி, சரிதான்.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்றுதான் மேடம் முடிவு செய்தார். ஆள் வைத்தார். ஒருத்தி சொல்லாமல் நின்றாள், அடுத்தவள் சொல்லிவிட்டு நின்றாள். தாமே தூக்கிப் புரட்டப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஆள் வரவில்லை, அலுவலகத்திலோ தவிர்க்கமுடியாத வேலை. பாதி நாளில் ஓடி வந்து பார்த்தால் அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறார். தூக்கிப் படுக்கவைத்து, ஈரத்துணி மாற்றி, கடைசியில் பழக்க தோஷத்தில் போர்வையின் கால்மாட்டைத் தூக்கினார். அக்காவின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுக்கவில்லை.

"என் வீடே தேறலை" என்று மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. மேலதிகாரி ஆறுதலாகச் சொன்னார்: "உங்களுக்கென்னம்மா, எல்லா இல்லத்தையும் அக்குவேறு ஆணிவேறா பார்த்தவங்க. நல்லதா ஒண்ணு எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

ஊரில் மற்றவர்களாவது மீன்தொட்டியைப் பார்த்து மயங்கி, நம்பி, விட்டுவிட்டு வரலாம். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஒவ்வொரு இல்லத்தின் பெயரைச் சொன்னாலும் அங்கே பார்த்த ஏதாவது ஒரு முதுகு, ஏதாவது ஒரு கால் கண்முன் வந்து நிற்கும். கடைசியில், இருப்பதில் குறைவாகப் பயமுறுத்திய ஒன்றில் அக்காவைச் சேர்த்தார். அந்த இல்லத்தைச் சோதிக்கும் வேலை விதிப்படி இன்னோர் அதிகாரிக்குப் போனது. அங்கே எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடும் நிர்வாகிக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க அக்கான்னா எனக்கும் அக்காதான் மேடம். கண்ணை இமை காக்கற மாதிரி காப்போம்" என்றார்.

சொன்னபடியே காத்தார்கள். போகும்போதெல்லாம் அக்காவின் தலை வாரியிருக்கும், நகம் வெட்டியிருக்கும், தண்ணீர் இடக்கைக்கு எட்டும். குதிகால் பச்சைக் குழந்தையின் கால்போல் இருக்கும். பல நாளுக்குப் பிறகு மேடம் வயிறாரச் சாப்பிட்டார், அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். நம்பவேகூடத் தொடங்கிவிட்டார், பாவம்.

ஒரு மாலை அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்தவர், கை சும்மா இராமல், அடுத்த கட்டில் போர்வையைக் கால்மாட்டில் தூக்கினார். அதில் இருந்த அம்மாள் மெலிந்த உடம்பு, காது மந்தம், யாரையும் எதையும் கேட்காதவர். குதிகால் சிவந்திருந்தது. அழுத்தினார். வெளுக்கவில்லை. அடுத்தமுறை போனபோது தோல் உரிந்து வழண்டிருந்தது. அதற்கு அடுத்தமுறை புண் வாய் திறந்திருந்தது.

அந்தக் கூடத்துக்கு இருந்த ஒரே ஆயாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். வாட்டசாட்டமான பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"பக்கத்து அம்மாவைப் புரட்டிப் போடறதில்லையா?"

"நேரமிருந்தா போடறேன் மேடம்."

"அக்காவுக்கு மட்டும் நேரமிருக்கு?"

ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்க. கூடம் மொத்தத்துக்கும் நான் ஒருத்தி. மேடத்தோட அக்கா காலு சிவந்துச்சுன்னா உனக்குச் சீட்டு கிழிஞ்சிடும்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. நான் அக்காகிட்டயே நின்னுட்டா மத்தவங்ககிட்ட யாரு நிக்கறது?"

மேடம் கூடத்துக்குள் பக்கத்து அம்மாளின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவங்களையும் கொஞ்சம் பாரும்மா" என்றார். அதிகாரி குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"பார்க்கறேன். அப்ப அக்காவைக் கொஞ்சம் விட்டுடட்டுமா?"

உண்மையாகத்தான் கேட்டாள். அவளிடம் குத்தல் எதுவும் இல்லை.

இல்லத்தைச் சோதிக்கிற அதிகாரி, இவருக்குப் பக்கத்து மேசைக்காரர்தான். காதோடு காதாக ஒரு வார்த்தை போட்டால் போதும். வருவார், எழுதுவார். அவகாசம் கொடுப்பார்கள், சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். யார் சொல்லி வந்தார் என்பது பெரியம்மாவுக்கு நொடியில் தெரியும். அப்புறம் அக்காவை எப்படி நடத்தினாலும் அக்கா என்ன சொல்லப்போகிறார்? சரி என்பார். அந்த ஒரு வார்த்தையைப் போடுவதற்கு மேடம் எத்தனையோ தடவை பக்கத்து மேசைவரை போய், பசை இருக்கிறதா, குண்டூசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவரைப்போல் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர் அந்த அலுவலகத்தில் வேறு யாருமில்லை என்று இன்னமும் பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அம்மாளின் மகள் வந்திருந்தாள். வெளியூரில் வேலை, எப்போதாவதுதான் வரமுடிகிறது. அம்மாவின் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவள், மேடத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள். போர்வை கால்வரை நன்றாக இழுத்து மூடியிருந்தது.

"நீங்கதானே அந்த சோதனை போடற மேடம்? உங்களைப் பார்க்கணும்னே இருந்தேன். அம்மாவை எங்க விடறதுன்னு தெரியாம நாயா அலைஞ்சேன். பெரியம்மாதான் உங்க அக்கா கட்டிலைக் காட்டி, இல்லங்களையெல்லாம் சோதிக்கற மேடமே அவங்க அக்காவை இங்கதான் விட்டிருக்காங்க, இதுக்கு மேல என்ன வேணும்னாங்க. உடனே இந்தப் பக்கத்துக் கட்டிலையே கேட்டு வாங்கிட்டேன். நீங்க வந்து போற இடமாச்சே, அம்மாவும் உங்க கண்ணுல படுவாங்கன்னுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் பார்த்துக்கறாங்க, இல்லையா மேடம்?"

மேடத்தின் கண் கால்மாட்டுக்குப் போனது. சொல்லிவிடலாம். இப்போதே அந்தப் போர்வையைத் தூக்கிக் காட்டிவிடலாம். காட்டினால் இந்தப் பெண் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள், அந்த ஊரில் எந்த இல்லத்துக்கு? பெரியம்மாவின் அறையில் போய்ச் சத்தம் போடுவாள். அதற்குப் பிறகு அக்கா?

"பார்த்துக்கறாங்கம்மா" என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். அவள் போன கையோடு ஆயா வெந்நீர் வாளியும் துணியுமாக உள்ளே வந்தாள். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்பதுபோல் மேடத்தைப் பார்த்தாள். பக்கத்து அம்மாளும் தலையைத் திருப்பி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் அக்காவின் கட்டிலருகே ஆயாவுக்கு இடம்விட்டு ஒதுங்கினார். பிறகு, கட்டில்களுக்கு நடுவே கம்பியில் தொங்கிய திரையை, சுவரில் போய் முட்டும்வரை இழுத்துவிட்டார்.