கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே "வலிக்கல"ன்ன அத்தை

ஸ்பிரிட் வாசம்... கிருமி போக்குற ஆட்டோகிளேவ்ல இருந்து வந்த சூடான துணி வாசம்... பக்கத்து பெட்டுல யாரோ உரிச்ச ஆரஞ்சுப்பழ வாசம்.

நர்சிங் பைனல் இயர் பிராக்டிகல் அன்னைக்கு எங்க வார்டு அப்படித்தான் மணந்துச்சு. வெளியூர்ல இருந்து வந்த எக்ஸாமினர் மேடம் சிரிக்கவே இல்ல. பெயிலானா திருச்சியில சொல்லி வச்சிருந்த வேலையும் போயிரும்.

எனக்குக் கெடச்ச பேஷண்ட் ராக்காயி அத்தை. கீரமங்கலத்துல பூத்தோட்டம். கால்ல மம்பட்டி வெட்டு. ஒரு வாரமா நான்தான் டிரெஸ்ஸிங் பண்ணேன். "ஏத்தா, பயப்படாத, நான் பாத்துக்கிறேன்"னு முந்தின நாளே சொல்லிட்டாங்க. என்னத்தைப் பாத்துக்கப் போறாங்கன்னு நான் கேக்கல!

நான் அப்பத்தான் கை கழுவிக்கிட்டு இருக்கேன்... அத்தை மேடத்தைப் பாத்து, "வலிக்கவே இல்லீங்க! பாப்பா பூ மாதிரி கட்டுச்சு"ங்குறாங்க.

இன்னும் பழைய கட்டையே பிரிக்கல! அடி ஆத்தாடி, முடிஞ்சுது நம்ம கதைன்னு நெனச்சேன்.

"பேஷண்டுக்கு டியூஷன் எடுத்தியா?"ன்னாங்க மேடம்.

"இல்லீங்க மேடம்..."

"சரி, ஆரம்பி."

கடைசித் துணி புண்ணோட ஒட்டிக்கிச்சு. சலைன் ஊத்தி மெதுவா எடுத்தேன். அத்தை மொகம் சிரிக்குது... கை மட்டும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருக்கு. நான் நிறுத்திட்டேன்.

"என்ன, டைம் போகுதே?"

"அவங்களுக்கு வலிக்குதுங்க மேடம். இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

அத்தைக்கு வந்துச்சே கோவம்! "கூறுகெட்டவளே, நான்தான் இல்லைங்குறேன்ல!"

மேடம் அப்பத்தான் சிரிச்சாங்க. டைம் தாண்டியும் என்னை நிறுத்தச் சொல்லல. வெளிய வந்ததும், "அந்தம்மா வாய் சொன்னதை நம்பாம கையைப் பாத்த பாரு... நீ பொழைச்சுக்குவ, போ"ன்னாங்க.

சந்தோஷமா அத்தைகிட்ட ஓடுனா, அங்க எனக்கு இன்னொரு ரவுண்டு திட்டு!

இப்ப நானும் எக்ஸாமினர். முக்காவாசி டெஸ்ட்டு பேஷண்டுக்குப் பதிலா பொம்மையிலதான். தப்பாச் செஞ்சா லைட்டு எரியும். நல்லதுதான், யாருக்கும் வலி இல்ல. ஆனா நம்மளுக்காகப் பொய் சொல்ல அதுக்குத் தெரியாதே...

போன வாரம் குளத்தூர்ப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, பொம்மைக்குக் கட்டுப் போட்டுட்டு, "வலிக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, பொம்மை மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. மத்த புள்ளைக எல்லாம் சிரிக்குதுக.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இந்தப் புள்ளையை நாளைக்கே வார்டுக்கு அனுப்பலாம்.