நாற்பது காலடி, நூறு அடி

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு ஏஞ்சலின் மணவாள நகர் வீட்டு வாசலில் டேப்பை விரித்தாள். சிமென்ட் சாலையில் ஒரு சாக்பீஸ் கோடு. அங்கிருந்து சரியாக நூறு அடியில் இன்னொரு கோடு. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவள் அப்பா சின்னதுரை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

"நடங்க நைனா. எப்பவும் போல. எனக்காக எட்டிப் போடாதீங்க."

"எண்ணிக்கினே வரட்டா?"

"நீங்களும் எண்ணுங்க, நானும் எண்றேன்."

வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா ரோசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பனும் பொண்ணும் பாண்டி ஆடுறீங்களா? தெருவே பாக்குது."

சின்னதுரைக்கு அறுபத்தொரு வயது. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்தபோது சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர். அங்கே அவர் கால் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டது: நாற்பது காலடி வைத்தால் நூறு அடி. சர்வேயர் சங்கிலி போட்டுப் பார்ப்பார். ஒரு சாண்கூடத் தவறாது.

பேட்டை வந்தது. பின்னாலேயே அதிகாரிகள் விளையாட ஒன்பது குழிகளும் குழிக்கொரு கொடியும் வைத்த ஒரு கோல்ஃப் மைதானமும் வந்தது. சின்னதுரை அங்கே பை தூக்கப் போனார். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு, ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து பந்து விழுந்த இடம் வரை எண்ணிக்கொண்டே நடப்பார். ஆறு காலடிக்கு ஐந்து கெஜம், அதாவது பதினைந்து அடி. மொத்தத் தூரத்தில் அதைக் கழித்து, கொடிக்கு மீதி எவ்வளவு என்று சொல்வார். ஒரு தொழிற்சாலையின் மேலாளர் வீரராகவன் பன்னிரண்டு வருடம் அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் மட்டையை ஓங்கினார். தூரம் காட்டும் மெஷின் ஒன்று அவர் பையிலேயே இருந்தது. வெளியே வந்ததில்லை.

போன வாரம் அது வெளியே வந்துவிட்டது. ஒரே காலையில் மூன்று பந்துகள் கொடிக்கு முன்னாலிருந்த குளத்தில் விழுந்தன. வீரராகவன் திட்டவில்லை. "சும்மா ஒரு தடவ பாத்துக்கறேன் சின்னதுரை" என்று மெஷினை எடுத்தார். அடுத்த வாரம் நண்பர்களோடு ஊட்டிக்கு ஆடப் போவதாக இருந்தது. "அங்க பேட்டரி கார் எடுத்துக்கலாம். நீயும் உக்காந்தே வா. முட்டிக்கு நல்லது."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் வண்டியில் போனால் எண்ண முடியாது. எண்ணாத சின்னதுரை எதற்கு? அவர் இரண்டு நாள் மைதானத்துக்கே போகவில்லை. மூன்றாம் நாள் ரோசம்மாள் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். ஏஞ்சலினுக்குத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. அவள் டேப்பை எடுத்து வந்தது அதனால்தான்.

"நாப்பத்தி நாலரை," என்றார் சின்னதுரை, இரண்டாவது கோட்டில் நின்று. அவர் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் அதேதான். இன்னொரு தடவ."

மூன்று முறை நடந்தார். மூன்று முறையும் நாற்பத்து நாலரை.

முழங்கால் தேய்ந்து காலடி சுருங்கிப்போயிருந்தது. இருநூறு கெஜம் நடந்ததாக அவர் எண்ணிய இடத்தில் உண்மையில் நூற்றெண்பதுதான் நடந்திருந்தார். கொடிக்கு இருபது கெஜம் கூடுதலாகவே இருந்தது. பந்து குளத்தில் விழாமல் வேறெங்கே விழும்?

"அப்போ காலு போச்சு," என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வாட்டியும் ஒரே எண்ணிக்கைதான வந்துச்சு? ஒவ்வொரு வாட்டியும் ஒரு அளவு காட்டுற கருவியத்தான் நாங்க தூக்கிப் போடுவோம். ஒரே மாதிரி தப்பு காட்டுனா, எவ்ளோ தப்புன்னு எழுதி மேல ஒட்டிட்டு வேல வாங்குவோம்."

"இன்னாடி, எனக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போறியா?"

"நெத்தில ஒட்டு," என்றாள் ரோசம்மாள்.

ஏஞ்சலின் தரையில் கணக்குப் போட்டாள். நாலு காலடிக்கு மூன்று கெஜம். பழைய கணக்கைவிடச் சுலபம். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா மலைல மேடு ஏறினா கால் இன்னும் குறுகும் நைனா. வலியும் கூடும். வண்டில போங்க."

"வண்டில குந்திக்கினா எப்படிம்மா எண்றது?"

அவள் டேப்பைச் சுருட்டினாள். அவர் சாக்பீஸ் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு நா முன்னாடியே போறேன். கொடிலேந்து பின்னால எண்ணிக்கினு வரேன். எங்க மரம், எங்க கல்லு, எங்க தண்ணி பைப்புன்னு நோட்ல எழுதிக்கிறேன். ஆட்டத்தன்னிக்கு ராஜா மாதிரி வண்டில குந்திக்கிறேன். உன் டேப்ப குடு. சமதரைக்குக் காலு, மேட்டுக்கு டேப்பு."

ஊட்டியிலிருந்து ஒரே ஒரு போன் வந்தது. பின்னால் காற்றின் இரைச்சல். "ஏஞ்சலு, வண்டில குந்திக்கினு நோட்ட பாத்துச் சொன்னேன். மெஷினு பைலயே கீது!"

திரும்பி வந்தவர் நிற்கவில்லை. நம் ஊர் மைதானத்தையும் புதிதாக அளந்து எழுதித் தருவதாக வீரராகவனிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஏஞ்சலினுக்கு அந்த வாரம் முழுக்க முதல் ஷிப்ட். அவர் எழும் முன்பே கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். மூன்று காலைகள் அவர் மைதானத்துக்குப் போனார். நான்காம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

நடந்ததாலா என்று டாக்டரிடம் அவள் நேராகவே கேட்டாள். இல்லை, இதயத்தில் பழைய அடைப்பு என்றார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் இல்லை என்றார்.

பதினாறாம் நாள் ஜெபம் முடிந்து வீரராகவன் போன் செய்தார். "நோட்டு எப்படி இருக்கோ அப்படியே குடும்மா. போதும்."

நோட்டின் அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் 44½ என்று இருந்தது. கீழே அடிக்கோடு. உள்ளே ஒரு பக்கத்துக்கு ஒரு கொடி, அதிலிருந்து எது எத்தனை கெஜம் என்ற கணக்கு. புங்க மரம் 90. வெள்ளைக் கல் 120. குளத்துக் கரை 14, அதன் பக்கத்தில் 'ஜாக்கிரதை'. இப்படி ஏழு பக்கங்கள். எட்டாவது கொடிக்கும் ஒன்பதாவது கொடிக்கும் தலைப்பு மட்டும் இருந்தது.

"ஞாயித்துக்கிழம முடிச்சுக் குடுக்கறேன் சார்," என்றாள்.

வாசல் சாலையில் சாக்பீஸ் கோடுகள் பாதி அழிந்திருந்தன. அவள் டேப்பை விரித்து மறுபடி போட்டாள். இந்த முறை மறுமுனையைப் பிடித்தது ரோசம்மாள். ஏஞ்சலின் நடந்தாள். எட்டிப் போடாமல், எப்பவும் போல. அம்மா சத்தமாகவே எண்ணினாள். மூன்று முறையும் நாற்பத்தெட்டு.

அட்டையில் 44½க்குக் கீழே அதை எழுதிக்கொண்டாள். நோட்டில் இன்னும் இரண்டு பக்கங்கள் காலியாக இருந்தன.