துரை வண்டிக்குப் பெயின்ட் வேண்டாம்

பார்க்காத பொருளைப் பற்றி அடித்துப் பேசுவதில் எனக்கு இணை கிடையாது. பார்த்த பிறகுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நாகரசம்பட்டியிலிருந்து வந்து ஜூஜுவாடி ரோட்டோரத்தில் ரிப்பேர் கொட்டாய் போட்ட புதிது. பெங்களூர் போகிற லாரிகளும் சுற்றுப்பட்டுக் கிணற்று இன்ஜின்களும்தான் எனக்குச் சோறு போட்டன. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. புத்தி இன்னும் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது.

டீக்கடையில் ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் வாங்கிப் போட்ட துரை வண்டி கொட்டாயில துருப்புடிச்சுக் கெடக்குது. அது இனிமே ஓடினா, அதுக்குப் பின்னாடியே சாமல்பட்டி டேசன் வரைக்கும் நான் ஓடறேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். "இன்னைக்கே ஓடிப் பழகிக்குங்க. நான் ஸ்டார்ட் பண்ணித் தர்றேன்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அவருடைய அண்ணி ஆளனுப்பியபோது எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மா அத்திப்பள்ளிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். பேச்சு பாதி தமிழ், பாதி கன்னடம். கணவர் போன வருஷம் காலமாகிவிட்டார். விட்டுப்போனது ஒரு ரோஜாத் தோட்டத்தையும் இந்த வண்டியையும்தான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன குட்டி டிராக்டர் அது. இரண்டு இரும்புச் சக்கரம், முன்னால் ஒற்றை பிஸ்டன் இன்ஜின், பின்னால் கலப்பைக்கு இருக்கிற மாதிரி இரண்டு நீளக் கைப்பிடி. பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். ரோஜா வரிசைகளுக்கு நடுவில் ஜோடி மாடு நுழையாது. நுழைந்தால் செடியைத் தின்னும், இல்லாவிட்டால் மிதிக்கும். அந்தச் சந்தில் உழுவதற்கென்றே கணவர் இதை வாங்கியிருந்தார்.

வண்டி நின்றதும் களை ஏறிவிட்டது. கொத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. டீக்கடையில் டேசனுக்கு ஓடுகிறேன் என்ற அந்தக் கொழுந்தனார் ஒரு முடிவோடு வந்திருந்தார். சந்தை நாளன்று மாட்டுவண்டி கொண்டுவந்து துரை வண்டியை ஏற்றிக் காயலாங்கடையில் போட்டுவிடுவது, தோட்டத்தைத் தானே குத்தகைக்கு எடுத்து ரோஜாவைப் பிடுங்கிவிட்டு ராகி போடுவது. "பொம்பளை எப்படி உழுவா?" என்பது அவர் கேள்வி. அந்த அம்மாவிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது கொட்டாய் மூலையில் கோழி எச்சத்தோடு நின்றுகொண்டிருந்தது.

"சந்தைக்குள்ள ஓடணும் அண்ணா. ஓடிட்டா தோட்டம் என் கையில. இல்லேன்னா அவர் கையில. இன்னொண்ணு. பண்ண பேடா."

‘பண்ண பேடா’ என்றதும் பால்கோவா கிண்டச் சொல்கிறார் என்று நினைக்கிற ஆள் நானில்லை. பெயின்ட் வேண்டாம் என்கிறார். நாகரசம்பட்டியில் தெலுங்கு, ஜூஜுவாடியில் கன்னடம், லாரிக்காரர்களிடம் இந்தி. மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

"ஏம்மா? ஒரு கோட்டு பச்சை அடிச்சா புதுப்பொண்ணு மாதிரி இருக்குமே."

"வீட்டுக்காரரை எரிச்சாச்சு. இதையாவது அவர் விட்டுப்போன மாதிரி வெச்சுக்கறேன். ஒரு சொட்டு பெயின்ட் பட்டாலும் அது எனக்கு யாரோ வீட்டு வண்டி."

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு காலத்தில் அது பச்சையாக இருந்திருக்கிறது. பானெட்டின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தது. கம்பெனிப் பெயர் தேய்ந்து, வாலும் கொம்புமாக இரண்டு எழுத்துதான் மிச்சம். வலது கைப்பிடியில் பெயின்ட் அறவே போய், இரும்பு கருப்பட்டி நிறத்தில் வழவழவென்றிருந்தது. இடது கைப்பிடியில் அவ்வளவு தேய்மானம் இல்லை. மனிதர் ஒரு கையில் பீடி வைத்துக்கொண்டே உழுதிருக்கிறார். இதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், உள்ளே மட்டும் உயிர் வர வேண்டும். கிழவருக்கு நரையைத் தொடாமல் இளமை கொடு என்கிற மாதிரி.

"எப்படி ஸ்டார்ட் பண்ணுவார்?" என்று கேட்டேன்.

"கயிறு சுத்தி இழுப்பார். சத்தம் கேட்டா நான் காப்பி வெப்பேன். அவ்ளோதான் தெரியும்."

வேலையை ஆரம்பித்தேன். பிஸ்டன் இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டை வழியாகச் சீமெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஊறவிட்டு, புளியங்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி, அது அசைந்தபோது நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரை ஏறிவிட்டன. கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தீப்பொறி தருகிற மேக்னெட்டோவைக் கழற்றி அப்பளம் மாதிரி வெயிலில் காயவைத்தேன். பெட்ரோல் டேங்கில் பிடி ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். புதிதாகப் போட்ட நட்டுகள் மட்டும் பல் கட்டிய கிழவன் போல மினுமினுத்தன. அவற்றைக் கழற்றி மோரில் ஊறவைத்து ஈரமண்ணில் புதைத்து, பழுப்பேறிய பிறகு மாட்டினேன். அந்த அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. "மோர் குடிச்ச நட்டு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்தது உடம்பு. சுரண்டக் கூடாது, உப்புக்காகிதம் கூடாது. பழந்துணியைச் சீமெண்ணெயில் நனைத்து, குழந்தைக்கு மூக்கு சிந்திவிடுகிற மாதிரி ஒற்றி ஒற்றி எடுத்தேன். பச்சை மெல்ல மேலே வந்தது. பானெட்டின் இடது பக்கம், காற்று உள்ளே போகிற வாய் ஒன்று உண்டு. அதைச் சுற்றிப் பழைய எண்ணெயும் தூசியும் துருவும் வண்டல் மாதிரி படிந்திருந்தன. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பின்னால் வந்து நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்து என் துணி இரண்டாகக் கிழிந்தது.

"சாகு, சாகு" என்றார்.

சாகு என்றால் கன்னடத்தில் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பந்தியில் சோறு போடும்போது நன்றாகவே தெரியும். ஆனால் கையில் கிழிந்த துணி, எதிரே சுவரில் தொங்குகிற கோணிச்சாக்கு. மூன்று மொழிப் பண்டிதன் காதில் அது ‘சாக்கு, சாக்கு’ என்றுதான் விழுந்தது.

"இதோ எடுத்துக்கறேம்மா" என்று சாக்கை உருவி, சொன்னபடி செய்கிற உற்சாகத்தில் அழுத்தித் தேய்த்தேன். அந்த அம்மா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அடுப்பில் பால் பொங்குகிற வாசம் வர, உள்ளே ஓடிவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கையகலத்துக்குத் தகரம் வெள்ளைவெளேரென்று பளபளத்தது. பச்சை இல்லை. பச்சை இருந்த சுவடும் இல்லை.

ஒரு சொட்டு பெயின்ட் போடாதே என்றவரிடம், ஒரு கையளவு பெயின்ட்டைத் தேய்த்தெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் போர்த்தினேன். அன்றிலிருந்து வேலைக்கு வந்ததும் முதல் காரியம் துண்டு போர்த்துவது, போகும்போது கடைசிக் காரியம் துண்டைச் சரிசெய்வது.

இடையில் புத்தி சும்மா இருக்கவில்லை. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்தேன். வண்டிக்கு மீசை முளைத்தது. அவசரமாக வழித்தேன். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற ஆளிடம் பச்சை கேட்டேன். அவர் காட்டியது கிளிப்பச்சை. அதைப் பூசியிருந்தால் வண்டி தோட்டத்தை விட்டுவிட்டுத் தேரோட்டத்துக்குத்தான் போயிருக்கும். இரண்டு முறை ஊரைவிட்டே ஓடிவிடலாமா என்று யோசித்தேன். என் பெட்டி ஸ்பேனர்களின் எடைதான் என்னைத் தடுத்தது.

சந்தை நாள் விடிந்தது. நான் போவதற்கு முன்பே கொழுந்தனார் மாட்டுவண்டியோடு வந்துவிட்டார். குத்தகைப் பேச்சுக்குச் சாட்சியாக ஊர்க்காரர் இரண்டு பேர் வேறு.

"என்னப்பா, டேசனுக்கு ஓடிப் பழகவா?" என்றார் கொழுந்தனார்.

"செருப்பைக் கழட்டி வெச்சுடுங்க. வெறுங்காலோட ஓடினா களைப்பு தெரியாது" என்றேன். வாய் மட்டும்தான் அப்படிப் பேசியது. கை இரண்டும் துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தன.

பெட்ரோல் விட்டாயிற்று. பிளக்கில் தீப்பொறி வருகிறது. அதைத் தொட்டுப் பார்த்து நானே ஒரு குதி குதித்திருந்தேன். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ‘புஸ்’ என்றது. மறுபடி இழுத்தேன். ‘புஸ்.’ கொழுந்தனார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க ஒரு மூடி இருக்கும். இதில் அது எப்போதோ உடைந்து போயிருந்தது. மூடி இல்லாமலே அந்த மனிதர் எப்படித்தான் ஓட்டினாரோ என்று என் மண்டை காய்ந்தது.

"போதும்ப்பா. ஏத்துங்கடா வண்டியில" என்றார் கொழுந்தனார்.

வண்டிக்காரர் வந்து முதல் வேலையாகப் பானெட் மேலிருந்த என் துண்டை எடுத்துத் தூரப்போட்டார். அதே நேரம் அந்த அம்மா இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

எனக்கு டிராக்டர் மறந்துவிட்டது, தோட்டம் மறந்துவிட்டது. வெள்ளைத் தகரம் ஒன்றுதான் கண்ணில் நின்றது. பாய்ந்துபோய் இடது உள்ளங்கையால் அந்த இடத்தைப் பொத்தினேன். சும்மா பொத்திக்கொண்டு நின்றால் சந்தேகம் வருமே என்று, ஏதோ வேலை செய்கிற பாவனையில் வலது கையால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினேன்.

அங்கிருந்த காற்று வாய் வழியாக இன்ஜின் என் உள்ளங்கையை உறிஞ்சியது. கன்றுக்குட்டி விரலைச் சப்புகிற மாதிரி. அடுத்த நொடி ‘படார்’ என்று ஒரு சத்தம், கரும்புகை. பயத்தில் கையை எடுத்தேன். எடுத்ததும் காற்று கிடைத்து, ‘டப் டப் டப் டப்’ என்று பிடித்துக்கொண்டது.

மாட்டுவண்டி மாடுகள் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு, வெறும் வண்டியோடு ரோட்டைப் பார்த்துப் பறந்தன. வண்டிக்காரர் அவற்றின் பின்னால் பறந்தார். சாட்சிகள் இருவரும் வரப்பில் ஏறிக் கைதட்டினார்கள். நான் புகைக்கு நடுவில் கண்ணீரும் சிரிப்புமாக நின்றேன். கண்ணீர் புகையால் வந்தது என்று எழுதினால் நம்புவீர்கள்தானே.

புகை விலகியபோது அந்த அம்மா வெள்ளைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற இன்ஜினை அணைத்துவிட்டு ஓடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அம்மா, அது வந்து... சாக்கால தேய்ச்சதுல..."

"தெரியும். நான் சாகுன்னேன், நீ சாக்கு எடுத்தே" என்றார். "அவர் கை எப்பவும் அங்கேதான் இருக்கும். கயிறு இழுக்கும்போதெல்லாம் வெப்பார். மாட்டைத் தட்டிக்கொடுக்கற மாதிரின்னு நினைச்சுப்பேன். தேய்ஞ்சு தேய்ஞ்சு வெள்ளி மாதிரி மின்னும். அவர் போனப்புறம் துரு மூடிடுச்சு. நீ துடைச்சப்போ ஓரத்துல கொஞ்சம் தெரிஞ்சுது. அதுவே போதும்னுதான் சொன்னேன்."

நான் தேய்த்தெடுத்தது பெயின்ட்டே இல்லை. அது அவர் உள்ளங்கை தின்று முடித்த இடம். உடைந்துபோன மூடிக்குப் பதிலாக அந்த மனிதர் தினமும் தன் கையையே மூடியாக வைத்திருக்கிறார்.

"அப்புறம் ஏம்மா இத்தனை நாள் துண்டு போட்டு மூடியிருந்ததைப் பார்த்தும் ஒண்ணும் கேக்கலே?"

"திருஷ்டி படக் கூடாதுன்னு நீ மூடி வெச்சேன்னு நினைச்சேன். நல்ல மனுஷன்னு பொறந்த வீட்ல சொல்லிட்டிருந்தேன்."

இந்தப் பட்டத்தை நான் மறுக்கவில்லை. வந்த சீதேவியை எட்டி உதைக்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

அந்த அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைப்பிடியையும் பிடித்தார். கியரைப் போட்டுக்கொடுத்தேன். வண்டி ஒரு உதறு உதறியது, அவரும் கூடவே உதறினார், விடவில்லை. ரோஜா வரிசைக்குள் அது நேராக நுழைந்தது. சக்கரத்துக்கும் செடிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. களை வேரோடு புரண்டு மல்லாந்தது. ஒரு பூவும் உதிரவில்லை. கோடியில் திருப்பும்போது வண்டி வேலிக்குள் போய்விடும் என்று நான் ஓடினேன். நான் போவதற்குள் அவர் ஒரு காலை ஊன்றி, முழு உடம்பையும் சாய்த்துத் திருப்பிவிட்டார். அடுத்த வரிசை வழியாக எங்களைப் பார்த்தே வந்தார். பழைய பச்சை, சுண்ணாம்பு பூத்த பானெட், இரண்டே இரண்டு எழுத்து, வெயிலில் கண்ணைக் கூசும் அந்த வெள்ளைத் தகரம். எல்லாம் அவர் கணவர் விட்டுப்போன மாதிரியே இருந்தன.

கொழுந்தனார் வரிசையின் வாயிலேயே நின்றிருந்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்ப மறந்துபோய் வாயில் அடக்கியிருந்தார். டேசன் வரைக்கும் ஓடுவதைப் பற்றி நான் ஆரம்பிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அந்த அம்மா வண்டிச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்தார்.

"தம்பி, அந்தக் கல்லைக் கொஞ்சம் எடுத்துப் போடு. சாலுக்குக் குறுக்கே கெடக்குது."

கொழுந்தனார் எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.